மானி இல்லாத தோட்டத்தில் மழை எவ்வளவு?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் எங்கோ ஒரு வளைவில் அலைபேசியின் சிக்னல் போய்விடும். அப்போது கையிலுள்ள செயலிகளைக் கவனித்துப் பாருங்கள். ஒன்று ‘தகவல் கிடைக்கவில்லை’ என்று சொல்லிவிட்டு மற்ற வேலைகளைத் தொடரும். இன்னொன்று ‘செயலி நின்றுவிட்டது’ என்று அறிவித்து மூடிக்கொள்ளும். மூன்றாவது இருப்பதிலேயே மோசமானது. வெளியே வைப்பர் போட்டும் கண்ணாடி தெரியாத மழை. திரையிலோ ‘மழை: 0 மி.மீ.’ என்று இருக்கும்.

நேர்ந்தது ஒன்றுதான்: கேட்ட இடத்திலிருந்து பதில் வரவில்லை. ஒரு செயலி உண்மையைச் சொல்கிறது, ஒன்று செத்துவிழுகிறது, ஒன்று பொய் சொல்கிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் போனின் விலையோ நெட்வொர்க்கோ ஆக இருக்க முடியாது, ஏனென்றால் மூன்றும் ஒரே போனில்தான் ஓடுகின்றன. எழுதியவர் ‘இல்லை’ என்பதை நிரலுக்குள் எப்படி எழுதினார், அவர் எழுதிய கணினிமொழி அதற்கு என்ன வசதி தந்தது என்பதில்தான் விடை இருக்கிறது.

தோட்டம், மானி, தூதர்

இன்றைய செயலிகளில் பெரும்பாலானவை பொருள்நோக்கு முறையில் எழுதப்படுகின்றன. நிரலை ஒரே நீண்ட கட்டளைப் பட்டியலாக எழுதாமல், சிறு சிறு ‘பொருள்’களாகப் பிரித்து, ஒரு பொருள் இன்னொன்றிடம் வேலை சொல்லும்படி அமைப்பது இந்த முறை. ஜாவா, கோட்லின், ஸ்விஃப்ட், சி ஷார்ப் எல்லாம் இந்த வழியில் வந்த மொழிகள்.

ஒரு காப்பித் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். சேர்வராயன் மலையில் காப்பிக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே கொண்டுவந்த பயிர் அது. சில்வர் ஓக் மரங்களின் நிழலில், அதே மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, அரபிகா வளர்கிறது. கோடையின் தொடக்கத்தில் வரும் முதல் நல்ல மழைதான் இந்தச் செடிக்கு எல்லாம். வறட்சியில் உறங்கிக் கிடந்த மொட்டுகள் சுமார் 25 மி.மீ. மழை கிடைத்ததும் விழித்து, ஒன்பது பத்து நாளில் கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூத்துவிடும். மழை அரைகுறையாகப் பெய்தால் பூப்பும் அரைகுறைதான். அந்த ஆண்டின் விளைச்சல் அங்கேயே பாதி தீர்மானமாகிவிடும். தெளிப்புநீர் வசதி உள்ள தோட்டக்காரருக்கு இன்னொரு கவலை: மழை போதவில்லை என்றால் தண்ணீர் விட வேண்டும், போதும் என்றால் மார்ச் மாதத்துத் தண்ணீரை வீணாக்கக் கூடாது. இப்படி, ‘நேற்று எவ்வளவு பெய்தது?’ என்ற கேள்வியின் பின்னால் பணமும் உழைப்பும் நிற்கின்றன.

மலைமழைக்கு ஒரு குணம் உண்டு. இந்தச் சரிவில் கொட்டும், அடுத்த சரிவில் தூறலோடு போய்விடும். ஆகவே ஏற்காடு ஊருக்குள் அளந்த கணக்கு எல்லாத் தோட்டத்துக்கும் உதவாது. தோட்டத்துக்குத் தோட்டம் அளந்தாக வேண்டும். நாகலூரில் ஒன்று, செம்மநத்தத்தில் ஒன்று, வெள்ளக்கடையில் ஒன்று என மூன்று தோட்டங்கள் இருப்பதாகக் கற்பனை செய்வோம். மூன்றுக்கும் சேர்த்து ஒரு நிரல். தினமும் காலை 8.30 மணிக்கு (இந்திய வானிலைத் துறையின் மழை நாள் அந்த நேரத்தில்தான் முடிகிறது) முந்தைய 24 மணி நேர மழையைக் கேட்டு, பூ மழை பெய்துவிட்டதா என்று அது சொல்ல வேண்டும்.

இந்த நிரலில் ‘தோட்டம்’ ஒரு பொருள். ‘மழைமானி’ இன்னொரு பொருள். தோட்டக்காரருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ‘தூதர்’ மூன்றாவது. தன் வேலைக்குத் தோட்டம் மற்ற இரண்டையும் நாடுகிறது. சிக்கல் இனிமேல்தான். நாகலூர்த் தோட்டத்தில் மானியும் உண்டு, தூதரும் உண்டு. செம்மநத்தத்துக்காரருக்கு மானி உண்டு, குறுஞ்செய்தி வேண்டாம் என்றுவிட்டார். வெள்ளக்கடையில் மானியே வைக்கவில்லை. இருந்தால் பயன்படுத்திக்கொண்டு, இல்லாவிட்டால் இல்லாமலே சமாளிக்க வேண்டிய இப்படிப்பட்ட துணையை ‘விருப்பத் துணை’ என்று அழைப்போம்.

நிரலில் உள்ள வரி இது:

தோட்டம்.மழைமானி.நேற்றைய_மழை

தோட்டத்திடம் போ, அதன் மானியைக் கேள், மானியிடம் நேற்றைய மழையைக் கேள். வெள்ளக்கடைக்கு இந்த வரி வந்தால் என்ன ஆகும்?

கொழும்பில் பிறந்தவரின் வருத்தம்

இந்தக் கேள்விக்கு 1965இல் ஒருவர் விடை எழுதினார். டோனி ஹோர். 1934இல் கொழும்பில் பிறந்த ஆங்கிலேயர். தாயார் தேயிலைத் தோட்ட முதலாளி ஒருவரின் மகள். பட்டியல்களை வேகமாக வரிசைப்படுத்தும் ‘குவிக்சார்ட்’ முறையைக் கண்டுபிடித்தவர் இவர்தான். 1980இல் கணினித் துறையின் உயரிய பரிசான டூரிங் விருது பெற்றார்.

‘அல்கால் டபிள்யூ’ என்ற மொழியை நிக்லாஸ் விர்த்துடன் வடிவமைத்தபோது, ஒரு பொருள் இன்னொரு பொருளைச் சுட்டுவதற்கு ஹோர் வழி வகுத்தார். சுட்டி எப்போதும் சரியான பொருளையே சுட்டுகிறதா என்பதை மொழியே சரிபார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மழைமானியைச் சுட்ட வேண்டிய சுட்டி தவறிப்போய்த் தூதரைச் சுட்டிவிடக் கூடாது. ஆனால் சுட்டுவதற்கு எதுவுமே இல்லாத நிலைக்கு என்ன செய்வது? எதையும் சுட்டாத சுட்டி ஒன்றைச் சேர்த்தார். அதை ‘வெற்றுச்சுட்டி’ என்போம். செய்வது அவ்வளவு எளிதாக இருந்ததால் ஆசையை அடக்க முடியவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். 2009இல் லண்டனில் நடந்த ஒரு மாநாட்டில், அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்று வெளிப்படையாக வருந்தினார். நாற்பது ஆண்டுகளில் அந்தச் சுட்டியால் விளைந்த பிழைகள், முடங்கிய கணினிகள், பாதுகாப்பு ஓட்டைகள் எல்லாவற்றையும் கூட்டினால் அந்தத் தொகை வரும் என்பது அவர் கணக்கு.

வெற்றுச்சுட்டியில் அப்படி என்ன கேடு? அது எல்லா வேடமும் போடும். ‘இங்கே ஒரு மழைமானி வேண்டும்’ என்று எழுதிய இடத்தில் வெற்றுச்சுட்டியை வைத்தாலும் மொழி ஏற்றுக்கொள்ளும். ‘தூதர் வேண்டும்’ என்ற இடத்திலும் அதே சுட்டி செல்லும். எழுதும்போது எந்த எச்சரிக்கையும் வராது. ஓடும்போது, மானியிடம் மழையைக் கேட்கும் அந்த நொடியில், அங்கே யாருமில்லை என்பது தெரியவரும். நிரல் அப்படியே விழும். ஹோரின் ஆய்வுகளிலிருந்து ஊக்கம் பெற்ற நார்வே நாட்டு மொழி சிமுலா 67. வகுப்பு, பொருள் என்ற கருத்துகளை உலகுக்குத் தந்த அந்த மொழியிலும் எதையும் சுட்டாத சுட்டி இடம்பெற்றது. பொருள்நோக்கு மொழிகளின் பரம்பரையில் இந்தக் குறை பிறவியிலேயே கலந்துவிட்டது. 1995இல் வந்த ஜாவாவும் அதைச் சுமந்துகொண்டே வந்தது. ஜாவாவில் எழுதும் எவரிடமும் ‘நல் பாயின்டர் எக்ஸெப்ஷன்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

கேட்டுப் பார்த்தால் போதாதா?

எளிய தீர்வு எல்லோருக்கும் உடனே தோன்றும். மானியைப் பயன்படுத்துமுன் ‘மானி இருக்கிறதா?’ என்று ஒரு வரி கேட்டுவிட்டால் என்ன? கேட்கலாம். கேட்டால் நிரல் விழாது. ஆனால் மானியைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டும். நிரல் நூறு பக்கமாக வளரும், எழுதியவர் வேலை மாறிப் போவார், புதியவர் வருவார். எந்தத் தோட்டத்தில் மானி இல்லாமலும் இருக்கலாம் என்ற செய்தி பழையவரின் தலைக்குள் மட்டுமே இருந்தது. நூறு இடத்தில் கேட்டு நூற்றோராவது இடத்தில் மறந்தால் போதும்.

அப்படி ஒரு மறதி என்ன செய்யும் என்பதை 2025 ஜூன் 12 அன்று உலகமே பார்த்தது. கூகுள் கிளவுட் சேவைகள் பல நாடுகளில் ஒரே நேரத்தில் முடங்கின. அவற்றை நம்பியிருந்த ஸ்பாட்டிஃபை, டிஸ்கார்ட் போன்றவையும் தடுமாறின. நடந்ததைக் கூகுளே பின்னர் விளக்கியது. யார் எந்தச் சேவையை எவ்வளவு பயன்படுத்தலாம் என்று சரிபார்க்கும் ஓர் உள்நிரலில் மே 29 அன்று புதிய பகுதி ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. இரண்டு வாரம் கழித்து, சில கட்டங்கள் காலியாக விடப்பட்ட ஒரு விதிமுறைப் பதிவு அதற்குள் வந்தது. அது சில நொடிகளில் உலகெங்கும் உள்ள மையங்களுக்குப் பரவியது. காலிக் கட்டத்தை எதிர்பார்க்காத புதிய பகுதி வெற்றுச்சுட்டியில் தடுக்கி விழுந்தது, எழுந்தது, அதே பதிவைப் படித்து மறுபடி விழுந்தது. ஹோரின் 1965 சுட்டிதான், அறுபது ஆண்டு கழித்து.

உலகின் திறமைமிக்க பொறியாளர்கள் வேலை செய்யும் இடத்தில் இது நடந்திருக்கிறது. இதை மனிதரின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லி நகர எனக்கு மனம் வரவில்லை. மறக்க விடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மொழிக்கும் உண்டு.

பூஜ்யம் சொல்லும் பொய்

விழுவதைத் தவிர்க்க இன்னொரு குறுக்குவழி: இல்லாத இடத்தில் ஏதாவது ஒரு மதிப்பைப் போட்டு நிரப்புவது. வெள்ளக்கடையில் மானி இல்லையா, மழை 0 என்று வைத்துக்கொள். நிரல் விழாது, திரையும் நிறைந்துவிடும்.

ஆனால் வெள்ளக்கடையில் நேற்று 40 மி.மீ. கொட்டியிருக்கலாம். நிரல் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, ‘பூ மழை இன்னும் வரவில்லை, தண்ணீர் விடுங்கள்’ என்று பரிந்துரைக்கும். அதோடும் நிற்காது. மூன்று தோட்டங்களின் சராசரியைக் கணக்கிட்டால் அதிலும் அந்தப் பூஜ்யம் கலந்துவிடும். நாகலூரில் 30, செம்மநத்தத்தில் 36 பெய்திருந்தால், அளந்த இரண்டின் சராசரி 33. பொய்ப் பூஜ்யத்தையும் சேர்த்தால் 22. முதலாவது 25 மி.மீ. கோட்டுக்கு மேலே, இரண்டாவது கீழே. அளக்காத தோட்டம் ஒன்று, அளந்த இரண்டின் தீர்ப்பையே மாற்றிவிட்டது. செத்து விழும் செயலியாவது தன் நோயைக் காட்டிக்கொள்கிறது. இது காட்டிக்கொள்ளாது, அதனால்தான் மூன்றில் இதை மோசமானது என்றேன்.

வானிலைத் துறையினர் இந்த ஆபத்தை அறிந்தவர்கள். இந்திய நிலப்பரப்பைக் கால் டிகிரிக் கட்டங்களாகப் பிரித்து, 1901 முதலான தினசரி மழையை வெளியிடும் அவர்களுடைய தரவுத் தொகுப்பில், மதிப்பு இல்லாத கட்டத்தில் பூஜ்யம் இருக்காது. –999 என்று இருக்கும். மழை ஒருபோதும் எதிர்மறையாகப் பெய்யாதே, அதனால் யாரும் ஏமாற மாட்டார்கள் என்பது எண்ணம். மனிதர் ஏமாற மாட்டார், சரி. கணினி ஏமாறும். அதற்கு –999 வெறும் எண். சொல்லித் தராவிட்டால் அதையும் கூட்டி வகுத்துச் சராசரி எடுத்துவிடும்.

இட்டு நிரப்பும் பழக்கத்தின் விலையைத் தமிழர்கள் தங்கள் பெயரிலேயே கொடுத்திருக்கிறார்கள். நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து, பிறகு நம் பெயர், அவ்வளவுதான். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம். அந்தப் பாஸ்போர்ட்டோடு அமெரிக்க விசா வாங்கினால் என்ன நடக்கும்? அங்கே இரண்டு கட்டமும் நிரம்பியாக வேண்டும். ஆகவே இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப்பெயராக எழுதி, முதற்பெயர்க் கட்டத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று போடுகிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அந்த மூன்றெழுத்து பிறகு ஓட்டுநர் உரிமத்திலும் வங்கி அட்டையிலும் ஏறிக்கொள்ள, ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கானோர் ஒரே முதற்பெயரோடு உலவுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப்பெயர் மட்டும் உள்ளவர்களை வருகை விசாவில் ஏற்க முடியாது என்று அறிவித்தபோது பயணம் புறப்படவிருந்த பலர் கலங்கிப்போனார்கள். பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்ற தளர்வு பிறகுதான் வந்தது. ‘இந்தக் கட்டம் காலியாக இருக்கலாம்’ என்று ஒரு அமைப்பு அனுமதித்து, அதைப் படிக்கும் அடுத்த அமைப்பு அனுமதிக்காவிட்டால், இடையில் மாட்டிக்கொள்பவர் மனிதர்.

கணினிமொழிகளிலும் ஒரு மொழி இந்த நிரப்பலையே விதியாக வைத்திருந்தது. ஐபோன் செயலிகள் பல ஆண்டுகள் எழுதப்பட்ட ஆப்ஜெக்டிவ் சி மொழியில், இல்லாத பொருளிடம் வேலை சொன்னால் நிரல் விழாது. அந்த வேலை நடக்காது, அவ்வளவுதான். கேள்வி கேட்டால், எண் எதிர்பார்த்த இடத்தில் பூஜ்யம் வரும். வெள்ளக்கடையின் மழை அந்த மொழியில் எப்போதுமே பூஜ்யம்.

மௌனத் துணை

இருந்தாலும், ஆப்ஜெக்டிவ் சியின் நடத்தையில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியைப் பிரித்தெடுத்தால் நல்ல உத்தி ஒன்று கிடைக்கிறது.

செம்மநத்தத்துக்காரர் குறுஞ்செய்தி வேண்டாம் என்றாரே, அவருக்கு வருவோம். தூதர் இருக்கிறாரா என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்பதற்குப் பதிலாக, அவருக்கும் ஒரு தூதரை நியமித்துவிடலாம். ‘அனுப்பு’ என்றால் கேட்டுக்கொண்டு எதுவும் செய்யாத தூதர். நிரலின் மற்ற பகுதிகளுக்கு வேறுபாடே தெரியாது. நாகலூர்த் தூதரிடம் சொன்னால் செய்தி போகும், செம்மநத்தத்துத் தூதரிடம் சொன்னால் போகாது. சோதிக்கும் வரி ஒன்றுகூட வேண்டாம், மறப்பதற்கும் ஒன்றும் இல்லை. 1990களின் நடுவில் பாபி உல்ஃப் என்ற நிரலாளர் எழுதிப் பரப்பிய உத்தி இது. நாம் இதை ‘மௌனத் துணை’ என்போம். நாட்குறிப்பு எழுதும் துணை, திரையில் முன்னேற்றம் காட்டும் துணை, ஒலி எழுப்பும் துணை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அப்படியானால் வெள்ளக்கடைக்கும் ஒரு மௌன மானியை வைத்துவிடலாமே? வைத்துப் பாருங்கள். ‘நேற்றைய மழை எவ்வளவு?’ என்று கேட்டால் அது ஏதாவது எண் சொல்லியாக வேண்டும். என்ன எண்? பூஜ்யம் என்றால் பொய். –999 என்றால் குழப்பம். கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய துணை மௌனமாக இருக்க முடியாது.

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தக் கோட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். விருப்பத் துணைகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று செய்கிற துணை, மற்றொன்று சொல்கிற துணை. செய்கிற துணை இல்லாவிட்டால், செய்யாமல் விடுவது பெரும்பாலும் சரியான நடத்தை. சொல்கிற துணை இல்லாவிட்டால், ‘இல்லை’ என்பதே விடையாகப் பயணம் செய்து, கேட்டவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்ததுதான் ஆப்ஜெக்டிவ் சியின் குறை. செய்கிற துணையிலும் விலக்கு உண்டு: பணம் செலுத்தும் துணை, வெள்ள எச்சரிக்கை அனுப்பும் துணை போன்றவை. அவை மௌனமாகிவிட்டால் ஆபத்து. அவற்றை விருப்பத் துணையாக வைத்ததே முதல் தவறு.

கேள்விக்குறி போட்ட வகை

‘இல்லை’ என்பது விடையாகப் பயணம் செய்ய மொழி என்ன வாகனம் தரலாம்?

ஒரு வழி, விடையை ஒரு பெட்டிக்குள் போட்டுக் கொடுப்பது. பெட்டிக்குள் மழை அளவு இருக்கலாம், பெட்டி காலியாகவும் இருக்கலாம். வாங்கியவர் திறந்து பார்க்காமல் உள்ளே இருப்பதை எடுக்க முடியாது. கணித நோக்கில் பிறந்த எம்.எல்., ஹாஸ்கெல் போன்ற மொழிகளில் இது நெடுநாளாக இருந்தது. 2014 மார்ச்சில் வந்த ஜாவா 8 இதை ‘ஆப்ஷனல்’ என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஜாவாவில் பழைய வெற்றுச்சுட்டியும் கூடவே உயிரோடு இருப்பதால், பெட்டி காலியாக இருப்பது போதாதென்று பெட்டியே இல்லாமல் போகவும் வாய்ப்பிருக்கிறது! பழைய வீட்டைப் பழுதுபார்ப்பதற்கும் புதிதாகக் கட்டுவதற்கும் உள்ள வேறுபாடு தெரிவது இங்கேதான்.

புதிதாகக் கட்டியவை கோட்லினும் ஸ்விஃப்ட்டும். இவற்றில் ‘மழைமானி’ என்று எழுதினால் அங்கே மானி இருந்தே ஆக வேண்டும். வெற்றுச்சுட்டியை வைக்க மொழி விடாது. மானி இல்லாமலும் இருக்கலாம் என்றால் ‘மழைமானி?’ என்று கேள்விக்குறியோடு எழுத வேண்டும். இரண்டும் இருவேறு வகைகள். கேள்விக்குறி போட்ட மானியிடம் நேரடியாக மழையைக் கேட்கும் வரியை எழுதினால், நிரல் ஓடத் தொடங்குமுன்பே மொழிமாற்றி நிறுத்திவிடும். மொழிமாற்றி என்பது நாம் எழுதிய நிரலைக் கணினி புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள், கம்பைலர். ‘இங்கே மானி இல்லாவிட்டால் என்ன செய்வாய்?’ என்று அது கேட்கும். விடை எழுதினால்தான் மேலே விடும். பழையவரின் தலைக்குள் மட்டும் இருந்த செய்தி இப்போது நிரலிலேயே எழுதப்பட்டிருக்கிறது, காவலரோடு. எனக்கு இது சிறு வசதியாகத் தெரியவில்லை. நிரலாளரின் மனச்சுமையில் ஒரு பெரிய மூட்டையை மொழி இறக்கி வைத்திருக்கிறது.

ஆப்பிளின் ஸ்விஃப்ட் 2014இல் வெளியானது. கோட்லினின் முதல் முழுப் பதிப்பு 2016இல் வந்தது. மறு ஆண்டே ஆண்ட்ராய்டு செயலிகளுக்கு அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்றாகக் கூகுள் அதை அறிவித்தது. சி ஷார்ப் 2019இலும் டார்ட் 2021இலும் இதே வழிக்கு வந்தன.

விடை எழுதுவதற்கும் சுருக்கமான முறை உண்டு:

தோட்டம்.மழைமானி?.நேற்றைய_மழை

புள்ளிக்கு முன் வந்திருக்கும் கேள்விக்குறியைப் பாருங்கள். மானி இருந்தால் மழையைக் கேள், இல்லாவிட்டால் கேட்காதே, ‘இல்லை’ என்பதையே விடையாகக் கொடு என்று அர்த்தம். இந்த விடையும் கேள்விக்குறி போட்ட வகையைச் சேர்ந்ததே. அதைச் சராசரிக் கணக்குக்குள் நுழைக்கப் பார்த்தால் மொழிமாற்றி மறுபடி மறிக்கும். இப்படி ‘இல்லை’ ஒவ்வொரு படியாகக் கை மாறி, தீர்மானிக்க வேண்டியவர் வரை போகும்.

கோட்லினில் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு குறி இருக்கிறது. ‘இல்லாவிட்டால் இதை வைத்துக்கொள்’ என்று மாற்று மதிப்புத் தரும் குறி. அவசரத்தில் இருப்பவர் அதன் வலப்பக்கத்தில் 0 என்று எழுதுவார். மொழிமாற்றி திருப்தியாகிவிடும், பழைய பொய் புது உடையில் திரும்பிவிடும். ஏற்காட்டு மழையில் பூஜ்யம் காட்டும் செயலிகளில் சிலவாவது இப்படித்தான் பிறந்திருக்கும் என்பது என் ஊகம். மொழி கேள்வியை எழுப்பும். நேர்மையான விடையை அதனால் கட்டாயப்படுத்த முடியாது.

எப்போது சேர்ப்பது

துணையைப் பொருளிடம் எப்போது ஒப்படைப்பது என்பதும் முக்கியம். தோட்டத்தை முதலில் உருவாக்கிவிட்டு, மானியைப் பிறகு ஒரு நாள் பொருத்தினால், இடைப்பட்ட காலத்தில் நாகலூர்த் தோட்டமும் வெள்ளக்கடை போலவே தோன்றும். ‘மானி கிடையாது’ என்பதற்கும் ‘மானி இன்னும் வரவில்லை’ என்பதற்கும் வேறுபாடு தெரியாமல் போகும். அதனால் பொருள் பிறக்கும்போதே துணைகளைக் கொடுத்துவிடுவது நல்லது. கோட்லின், பைத்தான் போன்ற மொழிகள் இதற்கு முன்னிருப்பு மதிப்பு என்ற வசதியைத் தருகின்றன: தோட்டத்தை உருவாக்கும்போது தூதரைக் குறிப்பிடாவிட்டால், மௌனத் தூதர் தானாக அமர்ந்துகொள்வார். மானிக்கு அப்படி எதையும் வைக்காமல், உருவாக்குபவரையே சொல்ல வைக்க வேண்டும். ‘மானி உண்டு’ அல்லது ‘மானி கிடையாது’, இரண்டில் ஒன்றை.

எத்தனை வகை இல்லை?

இப்போது ஒரு சோதனை. நாகலூரில் மானி உண்டு. நேற்று இரவு இடி இடித்து மானியின் மின்கலம் போய்விட்டது. காலை 8.30க்குப் பதில் இல்லை. வெள்ளக்கடையிலும் பதில் இல்லை. கேள்விக்குறி வகை இரண்டுக்கும் ஒரே ‘இல்லை’யைத்தான் தரும். தோட்டக்காரருக்கோ இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. நாகலூருக்கு ஆள் அனுப்பி மின்கலம் மாற்ற வேண்டும். வெள்ளக்கடைக்கு ஆள் அனுப்பினால் மாற்றுவதற்கு அங்கே எதுவும் இருக்காது.

விடைக்கே ஒரு வகை செய்துகொள்வது இதற்கு வழி. ‘மழைவிடை’ என்று பெயர் வைப்போம். அது மூன்று உருவத்தில் மட்டுமே வரலாம்: அளந்தது, இத்தனை மி.மீ.; மானி உண்டு, பதில் இல்லை; மானியே கிடையாது. நான்காவது உருவம் கிடையாது என்று மூடி முத்திரை வைத்துவிட வேண்டும். கோட்லினில் இந்த முத்திரை தொடக்கத்திலிருந்தே உண்டு. ஜாவாவுக்கு 2021இல் ஜாவா 17 வழியாக நிலையாக வந்து சேர்ந்தது. முத்திரையின் பயன் இது: மழைவிடையைக் கையாளும் இடத்தில் மூன்று உருவத்துக்கும் நடவடிக்கை எழுதப்பட்டிருக்கிறதா என்று மொழிமாற்றி எண்ணிப் பார்க்கும். ஒன்று விடுபட்டாலும் நிறுத்திவிடும்.

அளந்த பூஜ்யத்துக்கும் இப்போது மரியாதை கிடைக்கிறது. ‘அளந்தது, 0 மி.மீ.’ என்றால் ஒருவர் மானியைப் பார்த்தார், தண்ணீர் இல்லை. அது தரவு. அதை வைத்துத் தண்ணீர் விடலாம், சராசரியில் சேர்க்கலாம், பத்தாண்டு கழித்து ஒரு வறட்சியைப் பற்றி எழுதும்போது சான்றாகக் காட்டலாம்.

ஓராண்டு கழித்து இந்த நிரலுக்கு ஒரு புதிய தேவை வருகிறது என்று வையுங்கள். வெள்ளக்கடைக்காரர் கேட்கிறார்: என்னிடம் மானி இல்லைதான், பக்கத்துத் தோட்டங்களின் அளவை வைத்து ஒரு மதிப்பீடு சொல்லக் கூடாதா? நியாயமான கேள்வி. மழைவிடைக்கு நான்காவது உருவம் சேர்க்கிறோம்: மதிப்பிட்டது, சுமார் இத்தனை மி.மீ. சேர்த்த உடனே நிரலின் பல மூலைகளில் மொழிமாற்றி நிறுத்துகிறது. பூ மழையைத் தீர்மானிக்கும் இடத்தில்: மதிப்பீட்டை நம்பலாமா? மாதக் கூட்டுத்தொகை போடும் இடத்தில்: இதைச் சேர்ப்பதா, தனியாகக் காட்டுவதா? தூதர் செய்தி எழுதும் இடத்தில்: ‘சுமார்’ என்ற சொல் சேர்ந்ததா? ஒவ்வொன்றும் தோட்டக்காரரோடு உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி. முதல் கேள்விக்கே விடை மலையில் இடத்துக்கு இடம் மாறும். அடுத்த தோட்டம் அதே சரிவில் இருந்தால் மதிப்பீட்டை நம்பலாம். முகட்டுக்கு அந்தப்பக்கம் இருந்தால் நம்ப முடியாது. ஆகவே மதிப்பிட்ட விடை தன்னோடு இன்னொரு செய்தியையும் சுமக்க வேண்டியிருக்கிறது: எந்தத் தோட்டத்து மானியிலிருந்து பிறந்தேன் என்று.